நாட்டின் வளர்ச்சியும் நம் மேசையில் இருக்கும் பில்லும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்முனைவும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நேரம் இருபது நிமிடம். தலைப்பு யானை மாதிரி இருக்கிறது, நேரம் பூனை மாதிரி இருக்கிறது. அதனால் யானையின் ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த மாதிரித் தலைப்பு கிடைத்தால் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, ஜெயித்த நாலு தொழிலதிபர்களின் கதையைச் சொல்வார்கள். இன்னொன்று, மாணவர்களைப் பார்த்து "வேலை தேடாதே, வேலை கொடு" என்று ஒரு முழக்கம் போடுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த அரங்கில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் தொழில் தொடங்கப் போவதில்லை. பெரிய கம்பெனிகளில், பொதுத்துறை நிறுவனங்களில், அரசுத் துறைகளில் நல்ல பொறுப்பில் இருக்கிறீர்கள். "நமக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம், சாப்பாட்டு மணி எப்போ அடிப்பாங்க" என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தொழில் தொடங்கியவனுடைய பில் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

தொடங்குவது சுலபமாகிவிட்டது

1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு, ஓரளவு பெரிய தொழிற்சாலை என்றால் என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எந்த ஊரில் செய்வது என்று எல்லாவற்றுக்கும் டில்லிக்குப் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற நிலைமை. நாற்பது வருஷம் அப்படி ஓடியது. 1991 ஜூலை 24-ஆம் தேதி, மன்மோகன் சிங் தன் முதல் பட்ஜெட்டைப் படித்த அதே நாளில், புதிய தொழில் கொள்கை வந்தது. 18 தொழில்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1991-இல் நம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பு ஏறக்குறைய 27,000 கோடி டாலர். 2024-இல் ஏறக்குறைய 3,90,000 கோடி டாலர். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது சாதாரண வளர்ச்சி இல்லை. தேர்தல் நடத்தி, ஆட்சிகள் மாறி, கூட்டணிகள் கவிழ்ந்து, போராட்டம், வழக்கு எல்லாம் நடந்துகொண்டே வந்த வளர்ச்சி இது.

தொழில் தொடங்குகிறவனுக்கும் கதவுகள் திறந்தன. 2015-இல் முத்ரா கடன் வந்தது. 2016 ஜனவரியில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் வந்தது. 2024 முடிவில் அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்றிருந்தன. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவை, ஆதார் எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு பைசா கட்டணம் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம். தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

வளர்வதுதான் கஷ்டம்

2013-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு என்ன சொன்னது தெரியுமா? நாட்டில் 5 கோடியே 85 லட்சம் தொழிலகங்கள். கடை, பட்டறை, தறிக்கூடம், தொழிற்சாலை எல்லாம் இதில் அடக்கம். அவற்றில் வேலை செய்கிறவர்கள் 13 கோடியே 13 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு தொழிலகத்துக்கு இரண்டேகால் பேர்! நூற்றுக்கு எழுபதுக்கும் மேலானவற்றில் சம்பளத்துக்கு ஆளே கிடையாது. முதலாளியும் அவர் வீட்டு ஆட்களும்தான். ஆக, முதலாளிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

சரி, சின்னதாகத் தொடங்கினால் என்ன, நாளடைவில் பெரிசாகும்தானே என்று கேட்கலாம். சாங்-டாய் ஷே, பீட்டர் க்ளெனோவ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நாற்பது வயதான ஒரு தொழிற்சாலை, ஐந்து வயதுக்கு உட்பட்ட தொழிற்சாலையைப் போல ஏழு மடங்குக்கும் அதிகமான ஆட்களை வைத்திருக்கிறது. இந்தியாவில்? நாற்பது வருஷம் தாக்குப்பிடித்த தொழிற்சாலைகூட ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் வளர்ந்திருக்கிறது. வயசு ஆகிறது, உடம்பு அந்த அளவுக்கு வளரவில்லை.

இது ஏன் முக்கியம்? 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் உழைக்கிறவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதம் அளவில்தான். பாதிக் குடும்பம் ஐந்தில் ஒரு பங்கு சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறது. அவர்களில் பலர் வேறு வேலைக்கு வந்தாக வேண்டும். இரண்டேகால் பேர் வேலை செய்கிற பட்டறை அவர்களுக்கு வேலை கொடுக்காது. பெரிய கம்பெனிகள் ரோபோ வாங்கிப் போடுகின்றன. பத்துப் பேரில் தொடங்கி, ஐம்பதாகி, இருநூறாகிற நடுத்தர நிறுவனம்தான் வேலை கொடுக்கும். நம்மிடம் குறைவாக இருப்பதும் அந்த நடுத்தர நிறுவனம்தான்.

ஏன் வளரவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. சில காரணங்களை நாமே சட்டம் போட்டு உண்டாக்கினோம். 1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழில்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியல் பிறகு 800-க்கும் மேல் போனது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பலன் என்னவென்றால், ஒருவன் நன்றாகச் செய்து பெரியவனாகிவிட்டால் அந்தப் பொருளைச் செய்யும் உரிமைக்கே சிக்கல் வரும். கடைசி 20 பொருள்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது 2015 ஏப்ரலில். நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அதை முந்நூறாக்கியது. இது தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். மின்சாரம், நிலம், வங்கிக் கடன் என்று இன்னும் காரணங்கள் உண்டு. இவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் அதிகம் பேசாத ஒரு காரணத்துக்கு வருகிறேன்.

பணம் எங்கே நிற்கிறது?

நாம் எல்லோரும் என்ஜினீயர்கள். ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

ஒரு சின்ன மெஷினிங் பட்டறை. நாலு சி.என்.சி., இரண்டு பழைய லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின். மாதம் 10 லட்ச ரூபாய்க்கு உதிரிபாகம் செய்து ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம். லாபம் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம்.

பணம் 45 நாளில் வந்தால், எந்த நேரத்திலும் வெளியே நிற்கும் தொகை 15 லட்சம். 120 நாளில் வந்தால் வெளியே நிற்பது 40 லட்சம். வித்தியாசம் 25 லட்சம். ஏறக்குறைய ஒரு புது சி.என்.சி. மெஷினின் விலை அது. அந்த மெஷின் பட்டறையில் ஓடி, இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு பையன்களுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். அது வாங்கிய கம்பெனியின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த 25 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கினால் வருஷத்துக்கு 3 லட்சம் வட்டி. லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வங்கியும் சும்மா கொடுக்காது. பெரும்பாலும் 90 நாளைத் தாண்டிய பில்லைக் கேஷ் கிரெடிட் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எந்த பில்லுக்குப் பணம் வரவில்லையோ, அந்த பில்லைக் காட்டிக் கடன் வாங்க முடியாது! அப்புறம் வீட்டுப் பத்திரம் வெளியே வரும். அதுவும் போதாவிட்டால் வெளிவட்டி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் போட்டால் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். 18 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வாங்கின பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதமே செலுத்த வேண்டும். பணம் வந்ததா என்று அரசாங்கம் கேட்காது. வாங்கிய கம்பெனியோ அந்த வரியைத் தன் கணக்கில் வரவு எடுத்துக்கொண்டிருக்கும். பில்லுக்குப் பணம் கொடுக்க அதற்கு 180 நாள் வரை அவகாசம் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டறைக்காரரின் வேலைத் தரம் நன்றாக இருக்கிறது என்று கம்பெனி ஆர்டரை இரண்டு மடங்காக்குகிறது. சந்தோஷமான செய்திதானே? மாதம் 20 லட்சம். 120 நாள் என்றால் வெளியே நிற்கும் தொகை 80 லட்சம். வளர்ந்த குற்றத்துக்காக இன்னும் 40 லட்சம் திரட்ட வேண்டும். அதனால் அவர் என்ன சொல்வார்? "இப்ப வர்ற ஆர்டரே போதுங்க சார், இதையே ஒழுங்கா முடிச்சுக் குடுக்கறேன்" என்பார். மேலே இருப்பவர்கள் "இவங்களுக்கெல்லாம் வளரணும்கிற ஆசையே இல்லை" என்று சொல்வார்கள். ஆசை இருக்கிறது. வளர்ந்தால் மூழ்கிவிடுவோம் என்ற கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது வருஷம் ஆகியும் அதிகம் வளராத தொழிற்சாலைக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பம்ப்புக்குப் பெயர் போன கோவைக்கும் ராஜ்கோட்டுக்கும், சைக்கிளுக்கு லூதியானாவுக்கும், வார்ப்புக்கு ஹவுராவுக்கும் படாலாவுக்கும் போய், எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து டீ குடித்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் பேச்சு இதில்தான் வந்து நிற்கும்.

அந்த டீக்கு நாம் ஃபோனில் பணம் அனுப்புகிறோம். இரண்டு நொடியில் "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி சத்தம் போடுகிறது. 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ.யில் 2025 ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. டீக்கடைக்காரருக்கு இரண்டு நொடி. பட்டறைக்காரருக்கு நாலு மாதம். எனவே இது தொழில்நுட்பக் கோளாறு இல்லை.

ஒரு பில்லின் பயணம்

நானும் ஒரு சின்ன மெஷினிங் பட்டறை நடத்துகிறவன்தான். பில் எங்கே நிற்கிறது என்று துரத்திக்கொண்டு போய்ப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். சரக்கு கேட்டுக்குள் போகும். ஸ்டோர்ஸில் இறக்குவார்கள். ஜி.ஆர்.என். என்கிற சரக்கு வரவுச் சீட்டு போட வேண்டும். அதற்கு இன்ஸ்பெக்ஷன் முடிய வேண்டும். இன்ஸ்பெக்டர் லீவு. அது முடிந்தால் பில் பர்சேஸுக்குப் போகும். அங்கே ஆர்டரில் இருக்கும் விலையோடு ஒத்துப்பார்த்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவார்கள். அக்கவுண்ட்ஸில் வாரம் ஒரு நாள்தான் பேமெண்ட் போடுவார்கள். அந்த நாள் தவறினால் அடுத்த வாரம்.

ஒருமுறை எங்கள் பில் ஒன்று ஒரு பெரிய நிறுவனத்தில் நூறு நாளுக்கு மேல் நின்றது. பெயர் வேண்டாம். விசாரித்தால், ஆர்டர் எண்ணில் ஒரு ஹைஃபன் இல்லையாம், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லையாம். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் நேரில் போனபோது அங்கிருந்த தம்பி ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனுங்களே தம்பி" என்றேன். "எங்கிட்ட யாரும் கேக்கலீங்கண்ணா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய மேசையில் அது முந்நூறு பில்லில் ஒரு பில். எங்கள் பட்டறையில் அது அந்த மாதத்துச் சம்பளம்.

சட்டம் இருக்கிறது

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. 1993-லேயே தாமதமான பணத்துக்கு வட்டி கொடுக்க வேண்டும் என்று தனிச்சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம்.

2017-இல் சமாதான் என்ற புகார் தளம் வந்தது. அதே ஆண்டு, பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும் டிரெட்ஸ் முறை செயல்பட ஆரம்பித்தது. 2019-இலிருந்து 45 நாளைத் தாண்டிய பாக்கிகளைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2023 நிதிச்சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கெடு தாண்டி நிற்கிற பில் தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம், அதுவரை அதற்கும் சேர்த்து வருமான வரி கட்டு என்றது.

பிறகு என்ன குறை? புகார் கொடுக்க வேண்டியவன் யார் என்று பாருங்கள். பட்டறைக்காரர். புகார் யார் மேல்? அவருக்குச் சோறு போடுகிற கம்பெனி மேல். வழக்கில் ஜெயித்து வட்டி வாங்கிவிடலாம். அடுத்த ஆர்டர்? சட்டம் அவருக்குக் கத்தி கொடுத்திருக்கிறது, ஆனால் அதை வீசினால் அறுபடுவது அவருடைய கயிறு. 2023-இல் வந்த வரி விதியும் கணக்கு முடியும் மார்ச் மாதத்தில்தான் கடிக்கும். ஜூன் மாத பில்லை டிசம்பரில் கொடுத்தால் அந்த விதிக்கு வேலையில்லை. உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்று வாங்குகிறவர்கள் கேட்பதாக 2024 தொடக்கத்தில் சிறுதொழில்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஜனநாயக நாட்டில் அரசு சட்டம் போடலாம், தளம் அமைக்கலாம். ஒவ்வொரு மேசையிலும் வந்து உட்கார முடியாது. உட்காரவும் கூடாது, அப்படி உட்கார்ந்த காலத்தைத்தான் 1991-இல் தாண்டி வந்தோம். அப்படியென்றால் மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்தான் செய்ய வேண்டும்.

ஆனந்தில் நடந்தது

பணம் நாள் தவறாமல் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. குஜராத்தில் ஆனந்த் என்ற ஊர். 1946-இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் உண்டானது. 1949-இல் அங்கே போய்ச் சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். பால் பவுடர், வெண்ணெய், அமுல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் பணப் பட்டுவாடா. காலையில் ஊற்றின பாலைச் சோதித்து, கொழுப்புச் சத்துக்கு ஏற்ற விலை போட்டு, மாலையில் பணம். மாலையில் ஊற்றின பாலுக்கு மறுநாள் காலையில் பணம். இரண்டு லிட்டர் ஊற்றுகிற ஏழைப் பெண்மணிக்கும் அதே முறை. ஒரு எருமை வைத்திருந்தவர் இரண்டாவது எருமை வாங்கத் துணிந்தது எதனால்? பணம் வரும் நாள் நிச்சயமாகத் தெரிந்ததால். அதே முறையை நாடு முழுக்கக் கொண்டுபோக 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998-இல் இந்தியா உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடானது. குஜராத்தில் மட்டும் 36 லட்சம் உற்பத்தியாளர்கள் அதில் இருக்கிறார்கள்.

பாலுக்குச் செய்ய முடிந்ததை பம்ப் உதிரிபாகத்துக்குச் செய்ய முடியாதா? பால் கெட்டுப்போகும் என்று அவசரப்பட்டார்கள். பட்டறைக்காரரின் பொறுமையும் ஒருநாள் கெட்டுப்போகும். ஜப்பான் 1956-லேயே உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தருவதைத் தாமதிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அவர்களுடைய பெரிய கார் கம்பெனிகளுக்குப் பின்னால் எத்தனை சின்னப் பட்டறைகள் நிமிர்ந்து நின்றன என்பதை இங்கே இருக்கும் ஆட்டோமொபைல்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மறுபக்கம்

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "எங்களுக்கே பணம் வரலீங்க, நாங்க எங்கிருந்து குடுக்கறது?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். பல இடங்களில் அது உண்மை. அரசுத் துறைகளில் பில் நிற்பதும் உண்மை. பட்டறைக்காரர்களும் ஃபவுண்டரிக்காரரை இழுத்தடிக்கிறார்கள், ஃபவுண்டரிக்காரர் பழைய இரும்புக் கடைக்காரரை இழுத்தடிக்கிறார். இது சங்கிலி. சங்கிலியில் யார் முதலில் தளர்த்துவது? யாருக்கு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமோ, அவர்தான். பெரிய கம்பெனிக்குக் கிடைக்கும் வட்டியும் பட்டறைக்காரருக்குக் கிடைக்கும் வட்டியும் ஒன்றில்லை. அதிக வட்டி கொடுப்பவனை வைத்துக் குறைந்த வட்டிக்காரன் தொழில் நடத்துவது எந்தப் பொறியியல் கணக்கிலும் சிக்கனம் ஆகாது. அந்த வட்டி கடைசியில் உதிரிபாகத்தின் விலையில்தான் வந்து சேரும்.

என் வேண்டுகோள்கள்

முதலில் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். பர்சேஸில், ஸ்டோர்ஸில், தரக்கட்டுப்பாட்டில், அக்கவுண்ட்ஸில், நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஒரே ஒரு அறிக்கை கேளுங்கள்: குறு, சிறு நிறுவனங்களின் பில்களில் 45 நாளைத் தாண்டியவை எத்தனை, ஒவ்வொன்றும் எந்த மேசையில், என்ன காரணத்தால் நிற்கிறது? பாதி பில் ஹைஃபன் மாதிரிக் காரணத்தால்தான் நிற்கும். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, குறை இருந்தால் உடனே சொல்லுங்கள். "இந்த லாட் ரிஜெக்ட்" என்று மூன்றாம் நாள் சொன்னால் பட்டறைக்காரர் மாற்றிக் கொடுப்பார். மூன்றாம் மாதம் சொன்னால் அவர் என்ன செய்வார்? மூன்றாவது, உங்கள் கம்பெனியின் விற்பனை 250 கோடிக்கு மேல் என்றால், 2024 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி 2025 மார்ச்சுக்குள் டிரெட்ஸில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, வந்த பில்லை அதில் ஏற்றி ஒப்புதல் கொடுங்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூட முன்கூட்டித் தர வேண்டியதில்லை. உங்கள் ஒப்புதலை நம்பி வங்கி தரும்.

தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். சரக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே உத்யம் பதிவு செய்துவிடுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். விலை பேசும்போது நாளையும் சேர்த்துப் பேசுங்கள். 30 நாளில் தரும் 97 ரூபாய், 150 நாளில் தரும் 100 ரூபாயைவிடப் பெரியது. நூற்றுக்கு 12 வட்டியில் போட்டுப் பார்த்தால் தெரியும். பணம் தரும் நாளை ஆர்டரில் எழுதி வாங்குங்கள். ஒரே கம்பெனியை நம்பி முழு உற்பத்தியையும் வைக்காதீர்கள். சரக்கு போன அன்றே பில் போகட்டும். ஆர்டர் எண்ணை ஹைஃபன் உட்படச் சரிபாருங்கள். முக்கியமாக, உங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் சின்னவருக்கு நீங்கள் நாள் தவறாதீர்கள். அவரும் தொழில்முனைவோர்தான்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. முன்னாள் மாணவர்களின் முகவரிப் புத்தகம் போடுகிறோம். யார் எந்தத் தொழில் செய்கிறார்கள், யார் எந்தக் கம்பெனியில் வாங்கும் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் சேர்த்துப் போடலாம். ஆர்டர் கேட்பதற்காக மட்டும் இல்லை. பில் எங்கே நிற்கிறது என்று சங்கோஜம் இல்லாமல் கேட்க ஒரு தெரிந்த குரல் இருந்தாலே பல பட்டறைகள் பிழைத்துக்கொள்ளும்.

நாட்டின் வளர்ச்சி விகிதம் ஆறரையா ஏழா என்று பத்திரிகையில் பார்க்கிறோம். அந்த எண்ணை மாற்றுவது நம் கையில் இல்லை என்றுதான் நினைக்கிறோம். 120 நாளை 45 நாளாக்குவது இந்த அரங்கில் இருக்கும் பலருடைய கையெழுத்தில் இருக்கிறது. ஒரு பில்லுக்கு ஒரு கையெழுத்து. அதில் ஒரு மெஷின் ஓடும், இரண்டு பேருக்கு வேலை கிடைக்கும், ஒரு சின்னப் பட்டறை அடுத்த ஆர்டருக்குப் பயப்படாமல் "சரிங்க" என்று சொல்லும்.